ஓடப்போன பெண்ணும் ஊரார் ஊகமும்



1997 ஜூலை 24, வியாழக்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், விண்ட் ரிவர் மலைத்தொடரின் அடிவாரத்தில் லாண்டர் என்று ஒரு சிற்றூர். ஏழாயிரம் பேர் அளவுக்கு வாழும் ஊர். அங்கே ஏமி ரோ பெக்டெல் என்ற 24 வயதுப் பெண் காலையில் உடற்பயிற்சி நிலையத்தில் சிறுவர்களுக்கு வகுப்பு எடுத்தார். பிற்பகலில் சில வேலைகளுக்காக ஊருக்குள் சுற்றினார். ஒரு புகைப்படக் கடைக்குப் போய்ப் பேசியிருக்கிறார். பிறகு, மலைமேல் ஏறிச்செல்லும் லூப் ரோடு என்ற பாதைக்குக் காரில் போனார் என்று கருதப்படுகிறது. செப்டம்பரில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்த அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்கான பாதையைப் பார்த்து வைக்கும் வேலை பாக்கியிருந்தது.

ஏமி வயோமிங் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் படித்தவர். நெடுந்தொலைவு ஓட்டக்காரர். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்கான மாரத்தான் தேர்வில் ஓடிவிட வேண்டும் என்பது அவர் கனவு. மலைப்பாதையும் தனிமையும் அவருக்குப் புதியவை அல்ல.

அன்று இரவு அவர் வீடு திரும்பவில்லை. பாறையேறும் இடம் பார்க்க நண்பரோடு வேறொரு மலைப்பகுதிக்குப் போயிருந்த கணவர் மாலையில் வந்து காத்திருந்தார். பத்தரை மணி வாக்கில் ஷெரீஃப் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில் நண்பர்கள் ஏமியின் வெள்ளை டொயோட்டா காரை லூப் ரோடு ஓரத்தில் கண்டுபிடித்தார்கள். கார் பூட்டியிருக்கவில்லை. உள்ளே அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அதற்கடியில் கார் சாவி. கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. பணப்பை இல்லை. ஏமியும் இல்லை.

வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். நூற்றுக்கணக்கானவர்கள் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். மோப்ப நாய்கள் வந்தன, ஹெலிகாப்டர்கள் பறந்தன. விண்வெளியிலிருந்து எடுத்த படங்கள்கூட ஆராயப்பட்டன. இன்று வரை அவர் கிடைக்கவில்லை. யார்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

ஏமிக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. தெரியாததை ஊரார் எதைக்கொண்டு நிரப்பினார்கள், அப்படி நிரப்பியதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே இந்த உரையின் பொருள்.

சந்தேகம் ஒரு முகத்தில் போய் நிற்கும்போது

முதல் சில நாட்கள் ஏமியை வழி தவறிய ஓட்டக்காரராகத்தான் தேடினார்கள். கால் சுளுக்கி எங்காவது விழுந்து கிடப்பார், கரடியோ மலைச்சிங்கமோ தாக்கியிருக்கும் என்று நினைத்தார்கள். அது இயல்பானதுதான். ஆனால் அந்த நினைப்பால், காரைச் சுற்றி எல்லோரும் நடமாடினார்கள். குற்றம் நடந்த இடமாக அது காக்கப்படவில்லை. கிடைத்திருக்கக்கூடிய தடயங்கள் முதல் ஊகத்தின் காலடியிலேயே அழிந்திருக்கலாம்.

பிறகு காற்று திசை மாறியது. உடல் கிடைக்கவில்லை, கிழிந்த துணி இல்லை, ரத்தம் இல்லை. அப்படியானால் யாரோ செய்திருக்கிறார்கள். யார்? வீட்டில் இருப்பவர். கணவரின் நாட்குறிப்புகளை விசாரணையாளர்கள் எடுத்துப் படித்தார்கள். வன்முறை தொனிக்கும் வரிகள் அவற்றில் இருந்தன. பாட்டுக்காக எழுதிய வரிகள் என்றார் அவர். பொய் கண்டறியும் சோதனைக்கு வரச் சொன்னார்கள். வழக்கறிஞர் வேண்டாம் என்று சொன்னதால் அவர் மறுத்தார். அந்த மறுப்பே ஊரில் பலருக்குத் தீர்ப்பாகிவிட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் மறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால் எந்தப் பதிலும் எடுபடவில்லை. அவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. குற்றம் சாட்டப்படாத ஒருவரின் பெயர் இந்த வழக்கோடு சேர்ந்து ஒலித்தது ஏற்கெனவே போதும் போதும் என்ற அளவுக்கு நடந்துவிட்டது.

அந்தச் சோதனையைப் பற்றி ஒரு சொல். நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களை அந்தக் கருவி பதிவு செய்கிறது. பதற்றத்தை அது காட்டும். பதற்றத்தின் காரணத்தை அதனால் காட்ட முடியாது. மனைவியைக் காணாமல் தவிக்கும் ஒருவருக்குப் பதற்றம் வரக் காரணமா தேட வேண்டும்? அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003இல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சோதனையின் அறிவியல் அடிப்படை பலவீனமானது என்று சொன்னது. நம் நாட்டிலும் 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையை நடத்துவது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுப்பது ஒருவரின் உரிமை. உரிமையைப் பயன்படுத்தியதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது லாண்டர்.

பாண்டியன் நெடுஞ்செழியனின் கதை நமக்கெல்லாம் தெரியும். அவன் கொடுங்கோலன் அல்லன். அரசியின் சிலம்பு காணவில்லை, அதே போன்ற சிலம்போடு முன்பின் தெரியாத ஒருவன் நகரில் திரிகிறான், நம்பகமான பொற்கொல்லன் உறுதியாகச் சொல்கிறான். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததால் விசாரணை தேவைப்படவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கும் வேலை கோவலன் தலை விழுந்த பிறகுதான் நடந்தது. பொருந்துவதும் நிரூபிக்கப்படுவதும் வேறு வேறு என்ற பாடத்துக்கு நம் இலக்கியம் கொடுத்த விலை ஒரு நகரம்.

லாண்டரில் நடந்ததும் அந்த வகைப் பிழைதான். வயோமிங்கில் 1988இல் ஓர் இளம்பெண்ணைக் கடத்திக் கொன்ற ஒருவன் பல ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டு, 2004இல் தண்டனை பெற்றான். ஏமி காணாமல் போன காலத்தில் அவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தான் என்று அவன் உறவினர் ஒருவரே விசாரணையாளர்களிடம் சொல்லியிருந்தார். அப்போது எல்லாப் பார்வையும் கணவர்மீது நிலைத்திருந்ததால் அந்தத் தகவல் பின்தொடரப்படவில்லை. 2010இல் வழக்கு வேறொரு துப்பறிவாளரின் கைக்கு வந்த பிறகே அது தூசி தட்டி எடுக்கப்பட்டது. அதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் போய்விட்டன. சிறையில் இருந்தவன் வாய் திறக்கவில்லை.

அவன்தான் செய்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஓர் ஊகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தவன் ஆவேன். நான் சொல்வது இதைத்தான்: தேட வேண்டிய இடம் ஒன்று இருந்தது, விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அங்கே தேடாமல் விட்டார்கள். ஊகத்தின் முதல் பலி, குற்றம் சுமத்தப்பட்டவர்கூட அல்ல. காணாமல் போனவர்தான்.

மூன்று பெண்கள், மூன்று உண்மைகள்

ஏமிக்குப் பிறகு உலகம் மாறியது. கைக்குள் கேமரா வந்தது. ஓர் ஊரின் திண்ணைப் பேச்சு உலகத்தின் திண்ணைப் பேச்சானது. மூன்று நிகழ்வுகளை வரிசையாக வைக்கிறேன்.

2016 நவம்பர் 2. கலிஃபோர்னியாவின் ரெட்டிங் பகுதியில் ஷெர்ரி பப்பினி என்ற 34 வயதுத் தாய், வீட்டருகே ஓடப் போனவர் திரும்பவில்லை. சாலையோரத்தில் அவருடைய கைபேசியும், தலைமுடி சிக்கிய இயர்ஃபோனும் கிடந்தன. உடனே சந்தேகம் கணவர்மீது பாய்ந்தது. இந்தக் கணவர் பொய் கண்டறியும் சோதனைக்கு ஒப்புக்கொண்டு தேறினார். அப்படியும் பேச்சு ஓயவில்லை. மறுத்தாலும் சந்தேகம், ஒப்புக்கொண்டாலும் சந்தேகம். 22 நாள் கழித்து, 240 கிலோமீட்டர் தெற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஷெர்ரி கிடைத்தார். உடம்பெல்லாம் காயம், தோளில் சூடு, வெட்டிய முடி. ஹிஸ்பானிய இனப் பெண்கள் இருவர் துப்பாக்கி முனையில் கடத்தியதாகச் சொன்னார்.

2018 ஜூலை 18. அயோவா மாநிலத்தின் புரூக்ளின் என்ற சிற்றூர். மோலி டிபெட்ஸ் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவி மாலை நேரத்தில் ஓடப் போனார். காதலரைச் சந்தேகித்தார்கள்; அவரோ அன்று வேறு ஊரில் வேலையில் இருந்தார். ஒரு பன்றிப் பண்ணைக்காரரைச் சந்தேகித்தார்கள். வேறொரு மாநிலத்தில் சாலையோர நிறுத்தத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் தகவல்கள் குவிந்தன.

2023 ஜனவரி 27. இங்கிலாந்தின் லங்காஷையரில், வயர் ஆற்றங்கரையில் செயின்ட் மைக்கேல்ஸ் என்ற கிராமம். நிக்கோலா புல்லி என்ற 45 வயதுப் பெண் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நாயோடு நடைக்குப் போனார். ஆற்றங்கரை பெஞ்சில் அவருடைய கைபேசி, அலுவலகக் கூட்ட அழைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. நாய் அங்கேயே திரிந்தது. அவர் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்பதே காவல்துறை தொடக்கத்திலிருந்து சொன்ன கருத்து. உலகம் அதை ஏற்கவில்லை. யூடியூப், டிக்டாக் என்று படம் பிடிப்பவர்கள் அந்தக் கிராமத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து பார்த்தார்கள். ஊர்க்காரர்களின் முகங்களைப் படமெடுத்துப் போட்டுச் சந்தேகம் கிளப்பினார்கள். கலைந்து போகச் சொல்லிக் காவல்துறை உத்தரவு போட வேண்டியதாயிற்று.

மூன்றிலும் ஊகத்தின் வடிவம் ஒன்றே. முதலில் வீட்டு ஆண். அடுத்து அந்தப் பெண்ணின் நடத்தை, மனநிலை, திருமணம். அடுத்து ஊருக்குப் புதியவர், வேற்று இனத்தவர், தனியாக வாழ்பவர். கடைசியில் காவல்துறை எதையோ மறைக்கிறது என்ற பேச்சு.

உண்மை என்ன? மூன்றுக்கும் மூன்று வேறு உண்மைகள்.

நிக்கோலா 23 நாள் கழித்து, பெஞ்சிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கீழே, ஆற்றிலேயே கிடைத்தார். ஜூன் மாதம் மரண விசாரணை அதிகாரி அளித்த முடிவு: தற்செயலாக நீரில் விழுந்து மூழ்கிய மரணம். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழும் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும்; நீச்சல் தெரிந்தவரும் சில நொடிகளில் செயலிழந்துவிடலாம். அந்த எளிய, கொடிய உண்மை ஆற்றிலேயே இருந்தது. அதில் கதை இல்லை. அதனால் யாருக்கும் அது போதவில்லை.

மோலி கொலை செய்யப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 21 அன்று ஒரு சோளக்கொல்லையில் அவர் உடல் கிடைத்தது. துப்புக் கொடுத்தது எந்த ஊகமும் அல்ல. ஊர்வாசி ஒருவர் தம் வீட்டுக் கண்காணிப்பு கேமராவின் பதிவைப் பொறுப்போடு ஒப்படைத்தார். அதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த அதிகாரிகள், ஓடும் பெண்ணின் உருவத்தையும், முன்னும் பின்னும் போய்வந்த ஒரு கறுப்புக் காரையும் கவனித்தார்கள். 2021 மே மாதம் குற்றவாளிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது; பின்னர் ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. அவன் சட்டப்படியான அனுமதியில்லாமல் குடியேறியவன் என்று தெரிந்ததும், மோலியின் மரணம் தேர்தல் மேடைகளில் ஏறியது. மகளை அடக்கம் செய்த சில நாட்களிலேயே அவர் தந்தை அந்த மாநிலத்து நாளிதழில் ஒரு கட்டுரை எழுத நேர்ந்தது. மகள் கடுமையாக எதிர்த்த இனவெறுப்புக் கருத்துகளுக்கு அவள் சாவைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளையை இழந்தவரைத் துக்கம் காக்கவும் விடாமல், பிள்ளையின் பெயரைக் காக்க வைத்தது அந்தக் கூச்சல்.

ஷெர்ரியைக் கடத்தியவர் யாரும் இல்லை. அவர் தம் பழைய காதலர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தார். காயங்கள் அவர் ஏற்படுத்திக்கொண்டவை. இது வெளிவர ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் உடையிலிருந்த ஓர் ஆணின் மரபணுவை 2020இல் உறவுவழித் தேடல் மூலம் தொடர்ந்து போனார்கள். குப்பையில் போட்ட ஒரு தேநீர் பாட்டிலில் கிடைத்த மரபணு அதோடு பொருந்தியது. 2022இல் ஷெர்ரி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 18 மாதச் சிறைத் தண்டனை, மூன்று லட்சத்து ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் திருப்பிச் செலுத்த உத்தரவு. சிறையிலிருந்து வந்த பின் அவர் கதையை மாற்றிச் சொன்னார். ஆனால் நீதிமன்றத்தின் முன் அவர் ஒப்புக்கொண்டது இதுதான்.

தப்பாத ஊகமும் அறிவு ஆகாது

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். ஷெர்ரி நாடகமாடுகிறார் என்று சந்தேகப்பட்டவர்கள் சரியாகத்தானே சொன்னார்கள்? ஊகம் பலித்ததே?

நியாயமான கேள்வி. என் பதில்: அது தற்செயலாகப் பலித்தது. "இவள் நாடகமாடுகிறாள்" என்று சொன்னவை போன்ற வாய்கள்தான் நிக்கோலாவைப் பற்றியும் அப்படிச் சொல்லின. அங்கே ஒரு தாய் ஆற்றின் அடியில் கிடந்தார். எந்தப் பெண்ணையும் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் என்றாவது ஒருநாள் சரியாகத்தான் சொல்வார். அதனால் அவர் அறிவாளி ஆகிவிடமாட்டார். உண்மையைக் கண்டது ஓர் ஆய்வகமும், ஆண்டுக்கணக்கில் சலிக்காத சிலரின் உழைப்பும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஷெர்ரியின் பொய் எப்படி அவ்வளவு எளிதில் நின்றது? கேட்பவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த அச்சத்துக்கு ஏற்ற வடிவில் அது வெட்டப்பட்டிருந்தது. வெள்ளைக்காரத் தாய், ஸ்பானிய மொழி பேசும் கடத்தல்காரிகள். 2017இல் எஃப்.பி.ஐ. வரைபடங்களை வெளியிட்டபோது, இல்லாத இரண்டு பெண்களுக்கு முகம் கிடைத்தது. அந்த முகச் சாயல் கொண்ட, ஒரு பாவமும் அறியாத பெண்கள் அந்தப் பகுதியில் கடைக்கும் வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள்மீது விழுந்த பார்வைகளுக்கு யார் இழப்பீடு கொடுத்தார்கள்? பொய் சொன்னவருக்குத் தண்டனை உண்டு. பொய்க்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தவர்களுக்கு, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு, எந்தத் தண்டனையும் இல்லை.

ஏன் தனியாக ஓடினாள்?

ஊகங்களிலெல்லாம் மிகக் கொடியதை இப்போது சொல்கிறேன். அது கேள்வி வேடத்தில் வரும்.

2022 செப்டம்பர் 2, விடியற்காலை நாலேகால் மணி வாக்கில் டென்னஸியின் மெம்ஃபிஸ் நகரில் எலைசா ஃப்ளெட்சர் என்ற பள்ளி ஆசிரியை ஓடிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். 34 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்று நாள் கழித்து உடல் கிடைத்தது. உடல் கிடைக்கும் முன்பே கேள்விகள் தொடங்கிவிட்டன: அந்த நேரத்தில் ஏன் ஓடினாள்? தனியாக ஏன் போனாள்? அந்த உடை எதற்கு?

பதில் வேறிடத்தில் இருந்தது. எலைசாவைக் கடத்தியதாகக் கைது செய்யப்பட்டவன் ஓராண்டுக்கு முன், 2021 செப்டம்பரில், இன்னொரு பெண்ணை வன்புணர்ந்ததாக அவள் புகார் கொடுத்திருந்தாள். அவள் உடலிலிருந்து எடுத்த தடயங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு மாதக்கணக்கில் வரிசையில் கிடந்தன. அந்த மரபணு யாருடையது என்று தெரிந்தது எலைசா கடத்தப்பட்ட பிறகுதான். 2024இல் அந்த வன்புணர்வு வழக்கில் அவன் தண்டிக்கப்பட்டான்.

ஊரே ஒரு பெண்ணின் கடிகாரத்தையும் உடையையும் விசாரித்துக்கொண்டிருந்தது. விசாரிக்கப்பட வேண்டியதோ ஓர் ஆய்வகத்தின் தாமதம். நாலு மணிக்கு ஓடும் பெண்கள் வேடிக்கைக்காக அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிள்ளைகள் எழும் முன், சமையல் தொடங்கும் முன், வேலைக்குக் கிளம்பும் முன், ஒரு நாளில் அவர்களுக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு மணி நேரம்தான். மெரினாவில் விடியற்காலையில் நடக்கும், ஓடும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்; இதையே சொல்வார்கள். எலைசா கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அதே விடியற்காலை நேரத்தில், மெம்ஃபிஸ் பெண்கள் பெருந்திரளாகக் கூடி அவர் முடிக்காமல் விட்ட பாதையை ஓடி முடித்தார்கள். "ஏன் ஓடினாள்" என்ற கேள்விக்கு அதைவிடச் சிறந்த பதிலை எந்த மேடையிலும் சொல்ல முடியாது.

யாரைப் பற்றி ஊகிக்கக்கூட இல்லை

மறுபடி வயோமிங்குக்கு வருகிறேன். லாண்டருக்குப் பக்கத்திலேயே விண்ட் ரிவர் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. கிழக்கு ஷோஷோனி, வடக்கு அரப்பாஹோ மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மாநில அரசின் பணிக்குழுவுக்காக 2021இல் வெளியான ஓர் அறிக்கை, 2011 முதல் 2020 வரை வயோமிங்கில் 710 பூர்வகுடி மக்கள் காணாமல் போனதாகப் பதிவானதைச் சொன்னது. பலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. கொலையுண்ட வெள்ளையர்களில் 51 சதவீதத்தினரைப் பற்றிச் செய்தித்தாளில் செய்தி வந்தது. கொலையுண்ட பூர்வகுடியினருக்கு அது 30 சதவீதம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் குவென் ஐஃபில் 2004இலேயே இதைச் சுட்டிக் காட்டினார்: காணாமல் போனவர் வெள்ளைக்காரப் பெண் என்றால் மட்டும் ஊடகங்கள் திரண்டு ஓடுகின்றன என்று. காணாமல் போனவர்களாக நான் இன்று பெயர் சொல்லிப் பேசிய பெண்கள் அனைவரும் வெள்ளையர்கள். அது தற்செயல் அல்ல. அவர்களைப் பற்றித்தான் உலகம் பேசியது. பேசியதால்தான் என் போன்றவர்களுக்கு அவர்கள் பெயர் தெரிகிறது. ஒருபக்கம் அளவுமீறிய பேச்சு ஒரு குடும்பத்தை நொறுக்குகிறது. மறுபக்கம் பேச்சே இல்லாமல் இன்னொரு குடும்பம் சுவரொட்டிகளைத் தானே ஒட்டிக்கொண்டு அலைகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று: காணாமல் போன பெண்ணை ஓர் உயிராகப் பார்க்காமல் ஒரு கதையாகப் பார்ப்பது. நல்ல கதையானால் கூட்டம் சேரும். இல்லையென்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வாயை மூடச் சொல்லவில்லை

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாயை மூடச் சொல்லி நான் வரவில்லை. மக்கள் பேசாவிட்டால், பார்த்ததைச் சொல்லாவிட்டால், காணாமல் போனவர் பலர் கிடைக்கவே மாட்டார்கள். மோலி வழக்கில் கேமரா பதிவைக் கொடுத்தவர் ஊர்வாசி. நிக்கோலாவின் உடலை ஆற்றில் முதலில் கண்டவர்கள் நடந்து போனவர்கள். வயோமிங்கின் பூர்வகுடிப் பெண்கள் தம் மக்களுக்காகக் குரல் கொடுத்த பிறகுதான் அரசுப் பணிக்குழுவின் அறிக்கை வந்தது.

"அன்று மாலை நாலு மணிக்கு இந்தச் சாலையில் ஒரு நீல வண்டி நின்றது, நான் பார்த்தேன்" என்பது தகவல். "அந்த வண்டிக்காரன் முழியே சரியில்லை, அவன்தான்" என்பது ஊகம். தகவல் தேடுபவர் கையைப் பலப்படுத்தும். ஊகம் அந்தக் கையைப் பிடித்து இழுக்கும். ஆயிரம் ஊகங்களுக்கு நடுவே வந்து விழும் ஒரே ஒரு நல்ல தகவலைப் பிரித்தெடுக்கத் தேடுபவர்கள் எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். காணாமல் போனவரின் உயிர் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் கடமை உண்டு. நிக்கோலா வழக்கில் காவல்துறை முக்கியமான நாட்களில் ஊடகங்களுக்குச் சரியாக விளக்காமல் இருந்தது. பிறகு திடீரென்று அவருடைய உடல்நலம், குடிப்பழக்கம் பற்றிய அந்தரங்க விவரங்களை உலகறியச் சொல்லிவிட்டது. அந்த வெளியீடு தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது என்று இங்கிலாந்தின் காவல் பயிற்சிக் கல்லூரி அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்ட மீளாய்வு அறிக்கை கண்டித்தது. அதிகாரிகள் உரிய நேரத்தில் உரிய அளவு சொல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். சொல்லக்கூடாததைச் சொன்னால், பெண்ணின் மானம் தெருவுக்கு வரும். நம் ஊர்க் காவல் நிலையங்களும் பத்திரிகைகளும் படிக்க வேண்டிய அறிக்கை அது.

இனி, இங்கே அமர்ந்திருக்கும் உங்களிடம் என் வேண்டுகோள். நாளை உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் உறவில் ஒரு பெண் வீடு திரும்பாமல் போகலாம். 24 மணி நேரம் பொறுத்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. உடனே 112க்கு அழையுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். கடைசியாக எங்கே, எப்போது, என்ன உடையில் பார்த்தோம் என்பதை எழுதிக் கொடுங்கள். அவர் விட்டுச் சென்ற வண்டியையோ பொருளையோ தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பகிர்வதானால், குடும்பமோ காவல்துறையோ வெளியிட்ட படமும் தொடர்பு எண்ணும் மட்டும் அதில் இருக்கட்டும். அவர் கிடைத்ததும் அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். மீதி வாழ்க்கை முழுவதும் அவர் காணாமல் போனவராகவே உலவக்கூடாது. "வீட்டில் ஏதோ தகராறாம்", "யாரோடோ போயிருப்பா" என்று உங்கள் காதருகே வரும் பேச்சை, உங்களோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பெண் திரும்பி வந்தால், இதே தெருவில்தான் வாழ வேண்டும். திரும்பி வராவிட்டால், அவள் பிள்ளைகள் இதே தெருவில்தான் வளர வேண்டும்.

தெரிந்ததை உரியவரிடம் சொல்லுங்கள். தெரியாததை யாரிடமும் சொல்லாதீர்கள்.